வகுபடாத மாப்பிள்ளை

மனிதகுலம் இதுவரை மூன்றே மூன்று பெரிய காரியங்கள் செய்திருக்கிறது: நெருப்பு, சக்கரம், குலோத்துங்கனின் பொருத்தமானி. சொன்னது குலோத்துங்கன். சிரிக்காமல் சொன்னான்.

2091-இல் திருச்சியில் ஜாதகம் பார்ப்பவர் எவரும் இல்லை. எல்லோருக்கும் பத்து இலக்கப் பிறப்பெண் உண்டு. பொருத்தமானி இருவர் எண்களையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பகுத்துப் பார்க்கும். இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண் ஒன்றாவது இருந்தால் பச்சை விளக்கு, கல்யாணம் பதிவாகும். ஒன்று என்ற எண் மட்டும் கணக்கில் வராது.

"பொதுவா ஒண்ணுமே இல்லாத ரெண்டு பேர் எதுக்குய்யா கட்டிக்கணும்?" என்பான் குலோத்துங்கன்.

சிவப்பு விளக்கு வாங்கியவர்கள், அவன் டீ குடிக்கும் கடைக்கு எதிரே இருந்த எண் திருத்த அலுவலகத்தில் வரிசை கட்டினார்கள். பக்கத்து எண் காலியாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் பாதிப் பேர் 'ராசிக்காக' என்று எழுதினார்கள். டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது குலோத்துங்கனின் வழக்கம்.

"அந்தக் காலத்துல பேர்ல ஒரு எழுத்தைக் கூட்டுனாங்க. இப்ப எண்ணுல ஒண்ணைக் கூட்டுறாங்க. கூமுட்டைங்க!"

"அந்தக் கூமுட்டைங்களாலதான் சார் எனக்குச் சம்பளம்" என்பாள் செங்கமலம். அந்த அலுவலகக் கவுன்ட்டரில் உட்காருபவள். இரண்டு வருடமாக அவனோடு டீ குடிப்பவள்.

அவள் எண் 6469693230. இரண்டு முதல் இருபத்தொன்பது வரை உள்ள பகா எண்கள் பத்தையும் பெருக்கினால் வருவது. ஏறக்குறைய ஊரில் எவனோடும் பச்சை எரியும். அந்தத் தைரியத்தில்தான் ஒரு திங்கட்கிழமை குலோத்துங்கன் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பொருத்தமானியை நீட்டினான்.

சிவப்பு.

அவன் எண் 2147483647. பகா எண், வேறெந்த எண்ணும் அதை வகுக்காது. விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்திருந்தான். கல்யாணம் என்ற கோணத்தில் யோசித்ததில்லை, அதுவரை தேவைப்படவில்லை. அவனோடு பொருந்த வேண்டுமென்றால் அவன் எண்ணின் மடங்காக இருக்க வேண்டும். பத்து இலக்கத்தில் அப்படி மூன்றே எண்கள். ஒன்று ஓய்வுபெற்ற மல்யுத்த வீரர், ஒன்று மடாதிபதி, மூன்றாவது இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க" என்றாள் செங்கமலம், கிளாஸைப் பார்த்தபடி. "மாப்பிள்ளை எட்டால வகுபடுறாராம். அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. உங்க மெஷின்தானே, விதியை மாத்துங்களேன்."

"விஞ்ஞானத்துல சலுகை கிடையாது."

"அப்ப வந்து பந்தியில உக்காந்து சாப்பிடுங்க."

வியாழக்கிழமை காலை திருத்த அலுவலக வரிசையில் ஏழாவதாக, கைக்குட்டையால் முகத்தை மூடிய ஒருவர் நின்றார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"என்ன வேணும்?" என்றாள் செங்கமலம், அடையாளம் தெரியாதவள்போல.

"ஒண்ணு... கூட்டணும்."

2147483648. நல்லவேளை, காலி. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண்; இரண்டாலேயே கட்டிய வீடு. அவள் தன் எண்ணையும் தட்டினாள். பச்சை எரிந்தது.

"ஊர்ல பாதிப் பேரோட பொருந்துறீங்க இப்ப. ஜாக்கிரதை" என்று படிவத்தைத் தள்ளினாள். "ஒரு கட்டம் விட்டுப்போச்சு சார். காரணம்."

குலோத்துங்கன் இருபக்கமும் பார்த்துக்கொண்டான். பிறகு, முடிந்தவரை சின்ன எழுத்தில், 'ராசிக்காக' என்று எழுதினான்.