புதுப் பலகையில் வெட்டிய துண்டு

பழைய மருத்துவமனையின் மூன்றாவது வார்டுக்குள் அவள் ஏணியோடு நுழைந்தபோது மணி பதினொன்று. ஜன்னல் நிறைய வெயில். ஆனாலும் ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. கட்டடங்களில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. இந்தக் கட்டடத்தை மழலையர் பள்ளியாக மாற்றும் ஒப்பந்தக்காரன் அவளுடைய அண்ணன்.

"மேல பாரு. வெறும் ஜிப்சம். இதுக்குப் போய் லேப்பா?"

"கண்ணால பாத்துச் சொல்ற விஷயமில்லண்ணா."

உண்மைதான். வெள்ளையடித்துவிட்டால் ஜிப்சம் பலகையும் கல்நார்ப் பலகையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கல்நார் இழை தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது, நுண்ணோக்கிக்குத்தான் சிக்கும். வெட்டுமுன் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். காய்ந்ததை வெட்டினால் தூசி பறக்கும். நெஞ்சுக்குள் போன இழை திரும்பி வராது.

இருபது வருடங்களுக்கு முன் அண்ணன் இங்கே கூரையைப் பழுதுபார்த்தபோது, நேரமாகிறதென்று தண்ணீர் தெளிக்க விடவில்லை. அந்தக் கூரையை அறுத்த தச்சர் போன வருடம் இதே வார்டில் இருமி இருமிச் செத்தார்.

இருவருக்கும் அது தெரியும்.

"திங்கட்கிழமை பிள்ளைங்க வருதுங்க. என்னைக் கவுத்துடாதடி," என்றான். "அந்த மூலைல வெட்டு. அந்தப் பலகைய நேத்துதான் மாட்டினேன்."

அவள் முகமூடியை இறுக்கிக்கொண்டு ஏணியை அந்த மூலைக்கு நகர்த்தினாள்.

தண்ணீர் தெளித்தாள். பலகை குடித்தது. மறுபடி தெளித்தாள். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

"இன்னும் கொஞ்சம் தண்ணி..."

"என்னண்ணா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே." வாசலில் நின்றவன் முகம் வெளுத்திருந்தது.

மேலே யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். மிக அருகில்.

புதுப் பலகை சாக்பீஸ் மாதிரி நொறுங்க வேண்டும். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாணயமளவு துண்டை இரண்டு பைகளுக்குள் போட்டு மூடினாள். சீட்டில் எழுதினாள்: 'வார்டு முழுவதற்குமான மாதிரி.'

சனிக்கிழமை மாலை பரிசோதனைக் கூடத்து ஆள் போன் செய்தான்.

"மேடம், இத எங்க வெட்டினீங்க?"

"சீலிங்லதான்."

"இது பலகையே இல்ல. நுரையீரல். ஒரு மனுஷனோடது. உள்ள பூரா கல்நார் இழை."

திங்கட்கிழமைக்கு ஒரே ஒரு நாள்.

"தூக்கிப் போட்டுடுங்க. கல்நார் இல்லன்னு எழுதிடுங்க."

"எப்படி மேடம் போடறது?" அவன் குரல் தணிந்தது. "பை உப்பி உப்பி அடங்குதே."