பின்கதவும் கல்வெட்டும்

செவ்வாய்க் கோளில் பொழுது விடிந்ததும் ஒவ்வொரு வீட்டுச் சுவரும் அன்று ஆளுக்குக் கிடைக்கும் காற்றின் பங்கான மூச்சளவை எண்ணில் காட்டிச் சொல்லும். அன்று, காற்றடைத்த குமிழுக்குள் இருக்கும் நல்லூற்றுக் குமிழூரின் சுவர்கள் எதுவும் சொல்லவில்லை. மக்கள் மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டார்கள்.

அளவைப்பொறி வந்திருந்தது. அண்டை ஊரோடு சேர்ந்து பிழைக்காத குமிழூருக்குக் காற்றை நிறுத்தி, குடும்பங்களைப் பிரித்துச் சுரங்கங்களுக்கு அனுப்பும் இயந்திரம் அது.

தலைவர் சங்கரபாண்டி, அடுத்த குமிழூரான மேட்டூற்றோடு செய்த ஒப்பந்தத்தையும் கைகுலுக்கிய படங்களையும் காட்டினார்.

"படம் எடுத்த பிறகு என்ன நடந்தது?" என்றது பொறி.

அவர் இன்னொரு படத்தை எடுத்து நீட்டினார்.

பொறி நகர்ந்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவிலிருந்த பின்கதவின் முன் நின்றது. திறந்தால் காற்று வீணாகும் என்று தடைசெய்யப்பட்ட கதவு.

"இது தினமும் திறக்கப்படுகிறது. யார்?"

மாவரைக்கும் ஆரோக்கியமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். சேசுவே, என்னால் ஊரே மூச்சுமுட்டிப் போகுமே!

"நாந்தான். மேட்டூத்து ஜுலைகா மதினிக்கு இட்லி மாவு குடுப்பேன்."

"ஏ மேரி, காத்த வீணாக்கியா மாவு குடுத்த?" சங்கரபாண்டி பல்லைக் கடித்தார்.

"சும்மா இருங்க அண்ணாச்சி. மாவு வாங்குன ஏனத்த வெறுமனே திருப்பக் கூடாதுன்னு மதினி காளான் வச்சுத் தருவா. ஒங்க வீட்டுக் குழம்பே அதுலதான் கொதிக்கி. அங்க எங்க மாவுல இட்லிக் கடை ஓடுது. இங்க நாலு பொம்பளைங்க மாவரைச்சுப் பொழைக்காங்க."

பொறி கதவின் தேய்ந்த கைப்பிடியை அளந்தது. பிறகு அதன் தீர்ப்பைச் சுவர்கள் சொல்லின: "கூட்டுத் தொழில் இருக்கிறது. இந்தக் கதவு புழங்கும்வரை காற்று வரும்."

ஊர் அழுதது, சிரித்தது. ஒரு கை மாவைக்கூட ஆண்டவர் வீணாக விடுவதில்லை.

அடுத்த வாரமே விழா. ஊரைக் காத்த கதவை இனி யாரும் தொடக்கூடாதாம்; தலைவர் பெயர் பொறித்த கல்வெட்டை அதன்மேல் பதித்துச் சுற்றிலும் சாந்து பூசினார்கள்.

"கதவ அடைச்சா மாவு எப்பிடிக் குடுக்க, அண்ணாச்சி?"

"விழா முடியட்டும் மேரி. நல்ல நேரத்துல மாவுப் பேச்சா?"

மாலைகள் விழுந்தன. கைதட்டல் ஓய்ந்தபோது, கல்வெட்டுக்குப் பின்னாலிருந்து ஏனத்தால் தட்டும் ஓசை மெல்லக் கேட்டது. ஜுலைகா காளானோடு வந்து நிற்கிறாள்.

ஆரோக்கியமேரி காயாத பூச்சை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். சுவரில் மூச்சளவு எண் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.