சட்டைக் கையில் நாலு தையல்

"ஹலோ... அது என் நாற்காலி!"

சனிக்கிழமை பூவேலை வகுப்பில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரி நிமிர்ந்தாள். மழையில் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன் நின்றிருந்தான். சோபா தைக்கிற கடையில் வேலையாம். குஷனில் பூவேலை போடக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறானாம். கண்களா அவை... உதடு சிரிக்கும் முன்பே அவை சிரித்தன.

"பேர் எழுதியிருக்கா?" என்றாள் வெடுக்கென்று.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் சும்மா இருந்தானா? மர வளையத்தில் இறுக்கியிருந்த அவள் துணியை எட்டிப் பார்த்தான். அன்றைய பாடம் கட்டத் தையல். துணியில் வரைந்த இலைக்குள் நீள நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, அவை சந்திக்கும் இடமெல்லாம் குட்டித் தையல் போட்டு அமுக்க வேண்டும்.

"கட்டமா இது? கிழிஞ்ச கொசுவலை மாதிரி இருக்கு!"

வகுப்பே சிரித்தது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த நாலு சனிக்கிழமைகளும் அவன் ஊசியில் நூல் கோத்து நீட்டினாலும் வாங்கவில்லை. ஆனால் அவன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், வாசலையே பார்ப்பாள். வெட்கங்கெட்ட மனசு!

இன்று கடைசி வகுப்பு. இனி அவன் எங்கேயோ, இவள் எங்கேயோ... 'ஒரு வார்த்தை பேசேன்டி' என்று மனசு கெஞ்சியது. வறட்டுக் கௌரவம் விடவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்துக்காக இருவரும் ஜன்னலோர மேஜையில் நெருங்கி உட்கார்ந்து தைத்தார்கள்.

"நேரமாச்சு, வளையத்தைக் குடுங்க" என்றார் டீச்சரக்கா.

அவள் வளையத்தைத் தூக்கினாள். கூடவே அவன் கையும் வந்தது! அவனுடைய தொளதொள சட்டைக் கையையும் சேர்த்து இலையோடு தைத்திருந்தாள். ஒன்றல்ல... வரிசையாக நாலு தையல்.

"ஐயோ! சாரி..."

"முதல் தையல்லயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சொன்னா கையை எடுக்கணுமே..." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு வாய்க்கு வந்தத உளறிட்டேன். மன்னிச்சிடுங்க."

கத்திரிக்கோலை எடுத்தாள். வெட்டத்தான் கை வரவில்லை.

"எதைப் பாத்துட்டுத் தச்சீங்க?"

"உங்களத்தான்..." குனிந்தபடியே சொல்லிவிட்டாள். "அஞ்சு வாரமா உங்களத்தான் பாத்துட்டிருக்கேன்."

அந்த வாயாடிப் பயலுக்குக் காது வரை முகம் சிவந்துபோயிற்று. "எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... இதை வெட்டாதீங்க."

டீச்சரக்கா வந்து, துணியைச் சட்டைக் கையோடு அப்படியே விட்டுவிட்டு, வளையத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்.