ஐஸ் பெட்டி வீடியோ

டிவியில் எல்லார் முகமும் கட்டம் கட்டமாக உடைந்து போயிருந்தது, செத்துப்போன மாமியார் அமிர்தவல்லியின் முகத்தைத் தவிர.

ஹேமலதா ரிமோட்டை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி அமுக்கினாள். டிவிடி பிளேயருக்குள் டிஸ்க் கரகரவென்று சுற்றிச் சூடான பிளாஸ்டிக் வாடை விட்டது. முந்திரிக் கொல்லைப் பக்கமிருந்து வந்த மத்தியானக் காற்று சன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பந்தலில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த சனமெல்லாம் பச்சையும் சாம்பலுமாகக் கரைந்து கிடக்க, கண்ணாடிக்குள் கிழவி மட்டும் பளிச்சென்று இருந்தாள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், கூட்டமென்றால் எல்லாரும் தன்னைத்தான் பார்க்க வேண்டும் அவளுக்கு.

துபாயிலிருந்து புருஷன் மணிவண்ணன் திருச்சியில் இறங்கிவிட்டான். லீவு கிடைக்காமல் அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாதவன், வந்ததும் கேட்கப்போவது இந்த வீடியோவைத்தான். அதற்குள் இதில் என்ன பதிவாகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

படம் பிடித்த ஜெயங்கொண்டம் முருகையனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, படம் உடையுதுங்க."

"அஞ்சு மணி நேரத்த ஒரே டிஸ்க்குல சுருக்கியிருக்கேன் தங்கச்சி. அசையாததைப் பிளேயர் திரும்ப வரையாது, பழசையே வச்சிருக்கும். அசையிறதுதான் புதுசு புதுசா வரும். நடுவுல கொஞ்சம் கோளாறானா இப்புடி ஆவும்."

"அப்ப அசையிறது மட்டுந்தான் தெளிவா வருமா?"

"ஆமா. ஏன் கேக்குற?"

போனை வைத்துவிட்டாள்.

கிழவி போன அன்று வெள்ளிக்கிழமை. மூச்சு நின்றுவிட்டது என்று காலையில் சொன்னவள் ஹேமலதாதான். பொழுது சாய்வதற்குள் எடுக்காவிட்டால் சனிக்கிழமைப் பிணமாகிவிடும், துணைக்கு ஆள் தேடும் என்று ஊரே பறந்தது. டாக்டரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. மூன்று மணிக்கு, எல்லாரும் ஒப்பாரியில் இருந்தபோது, பெட்டிக்குள் கிழவியின் உதடு ஒருமுறை கூடிப் பிரிந்ததை ஹேமலதா பார்த்தாள். ஏழு வருசமாக அவள் போட்ட சோற்றைக் குறை சொன்ன உதடு. ஒரு வார்த்தை சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

டிவியில் ஒப்பாரி திக்கியது. பறைச் சத்தம் ஒரே அடியில் மாட்டிக்கொண்டு, பிறகு அதுவும் அடங்கிப்போனது. சனம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்குள் மட்டும் படம் ஓடியது.

விரல் மடங்கியது. நிமிர்ந்தது.

இப்படி நடக்கவே இல்லை. உதடு மட்டும்தான். சத்தியமாக உதடு மட்டும்தான்.

கை மேலே வந்தது. கண்ணாடியில் இடித்தது.

டொக்.

ரிமோட்டை அமுக்கினாள். நிற்கவில்லை. பிளேயரிலேயே பொத்தானைக் குத்தினாள். தட்டு வெளியே வந்தது. டிஸ்கைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தாள். உள்ளங்கை கிழிந்தது.

டொக். டொக்.

வாசலில் கார் நின்ற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது மணிவண்ணன் சூட்கேஸும் கையுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், டிவியைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"ஹேமா," என்றான். "அம்மா ஏன் கண்ணாடியத் தட்டுது?"

அவள் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் கையோடு வந்தது. படம் போகவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் கரைந்து கிடந்த கட்டங்கள் மெல்லக் கூடி இன்னொரு முகமாயின. ஹேமலதாவின் முகம். அது குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெட்டிமேல் கிடந்த சம்பங்கி மாலையை இழுத்துக் கிழவியின் முகத்துக்கு நேராகப் பரப்பியது.

மாலை துள்ளித் துள்ளி விழுந்தது.