மலை இடுக்கில் புகை

"அந்தப் புகைய அழிங்க! இல்லேன்னா இந்தப் படம் என் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது!"

"எப்படி அழிக்கிறது கத்தரீன்? மலையில புகை இருக்கு. அதனால படத்துலயும் இருக்கு."

"அது இருளப்பன் பேய் அடுப்பு மூட்டுற புகை. லயமே சொல்லுது. பேயப் படமா வரைஞ்சு சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கீங்களே, பயமே இல்லையா?"

"பேய்க்கு அடுப்பு மூட்டத் தெரியுமாலா? உனக்கே சரியா வரல. வீடு முழுக்கப் புகை!"

அம்மாவும் அப்பாவும் போடும் சண்டையை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிலோமிக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஒரு தகரக் குவளை உருளும் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜப்பான்காரர்கள் மலாயாவின் கேமரன் மலைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாதித் தேயிலைத் தோட்டத்துக்குள் காடு புகுந்துவிட்டது. போன மாதம் ராணுவ லோரி ஒன்று, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தது. சயாமில் ரயில் ரோடு போட, கையில் அகப்பட்ட ஆண்களைப் பிடித்து ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு இருளப்பன் மட்டும் ஓடுகிற லோரியிலிருந்து குதித்துக் காட்டுக்குள் ஓடிவிட்டார். அவரைப் புலி தின்றுவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புகை வந்தது. எதிர்மலை இடுக்கிலிருந்து, விடிந்ததும் நூல் மாதிரி மேலே ஏறும். யாருமே அந்த இடுக்குப் பக்கம் போவதில்லை.

பிலோமியின் அப்பா கிரகரி, தேயிலைப் பெட்டி செய்யும் தச்சர். பெட்டி மூடிகளில் சும்மா மலை வரைந்து பழகி, பிறகு தாளில் வரைய ஆரம்பித்தார். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் பங்களா முழுக்க அவர் படம்தான். இப்போது அங்கே ஒரு ஜப்பான் அதிகாரி இருந்தான். அவனுக்கும் மலைப் படம் ஒன்று வேண்டுமாம். இன்று மத்தியானம் வாங்க வருகிறான்.

"பிலோமி, வா! பனி இறங்குறதுக்குள்ள முடிக்கணும்" என்று அப்பா கூப்பிட்டார்.

அவர் எப்போதும் மேட்டுப் பாறையில் உட்கார்ந்துதான் வரைவார். அந்த இடுக்கு அங்கிருந்தும் லயத்திலிருந்தும்தான் தெரியும். பங்களாவிலிருந்து தெரியாது.

கடையில் வர்ணம் கிடைக்காத காலம் அது. துணிக்குப் போடும் நீலம், செம்மண், மஞ்சள், அடுப்புக்கரி, கொதித்துச் சுண்டிய தேயிலைச் சாயம், இவைதான் அப்பாவின் வர்ணங்கள். வெள்ளை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார். படத்தில் இருந்த புகையும் அப்படி விட்ட மெல்லிய கோடுதான்.

"தினமும் இதே மலையத்தான் வரையிறீங்க. சலிக்கலையாப்பா?"

"இது ஒரு நாள் போட்ட சட்டைய மறுநாள் போடாதும்மா. நான் புதுசா எதையும் சேர்க்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியிறத வரைவேன், தெரியாதத விட்டுடுவேன். சரி, போய்த் தண்ணி கொண்டா. ஓடைத் தண்ணி. கலங்கினா வர்ணம் கெட்டுடும்."

ஓடை எதிர்மலைக்குக் கீழே காட்டை ஒட்டி ஓடியது. பிலோமி இறங்கிப் போனாள். ஒரு பறவைச் சத்தமும் இல்லை. தேயிலைச் செடிகள், ஆட்கள் குனிந்து உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தன. குவளையைத் தண்ணீரில் வைத்தாள்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

நாய் குரைப்பது மாதிரியான இருமல். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனையோ வருஷம் கேட்ட இருமல் அது.

பெரணிச் செடிகள் அசைந்தன. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம் தெரிந்தது. தாடி, குழிந்த கண்கள்.

"ஓடாத தாயி" என்றது முகம்.

பிலோமிக்கு ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. கால்தான் வரவில்லை.

"மாமா... நீங்க செத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. கால்தான் செத்துப் போச்சு."

அவருடைய கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பிலோமி பாவாடை மடிப்பில் வைத்திருந்த அவித்த மரவள்ளியை நீட்டினாள். அவர் தோலோடு தின்றார்.

"மாமா, உங்க புகை வெளிய தெரியுது. அப்பா படத்துல கூட இருக்கு. அந்த ஜப்பான் அதிகாரி மத்தியானம் வாங்க வர்றான்."

இருளப்பனின் வாய் பாதியில் நின்றது. "தண்ணிக்கே தவழ்ந்துதான் வந்தேன், என்னால ஓட முடியாது பிலோமி. அவனுங்க ஏறி வந்தா அவ்வளவுதான்."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம்! நல்ல மனுஷன், ஆனா பொய் சொல்ல வராது. அந்த அதிகாரி ஒரு கேள்வி கேட்டா உங்கப்பா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

பிலோமி மலையை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே பனி இறங்கின பிறகு அடுப்பு மூட்டுங்க மாமா. படத்த நான் பார்த்துக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று தெரியவில்லை. பாறைக்கு நடந்து வரும்போதுதான் ஒரு வழி தோன்றியது. குவளைக்குள் கொஞ்சம் மண்ணைக் கிள்ளிப் போட்டாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பன்னி குளிச்ச தண்ணியா?"

"வேற கொண்டாறேன்ப்பா."

அடுத்த தடவை குவளையில் இலைத்தூள் மிதந்தது. அதற்கடுத்த தடவை வழியிலேயே கொட்டிவிட்டது.

"இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?" என்று அப்பா தலையில் கைவைத்தார்.

கடைசியில் பளிங்கு மாதிரித் தண்ணீர் வந்தபோது, மலை உச்சியிலிருந்து பனி வழிய ஆரம்பித்திருந்தது. சத்தமே இல்லாமல் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு இறங்கியது. இடுக்கு மறைந்தது.

"அப்பா, புகை எங்க இருக்கு?"

"அங்கதான்..." அப்பா கையை நீட்டினார். கை அப்படியே நின்றது. "இப்பத் தெரியல."

"கண்ணுக்குத் தெரியாதத வரைய மாட்டேன்னு சொன்னீங்களே?"

அப்பா மலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "உங்கம்மா சொல்லி அனுப்பினாளா?"

பிலோமி தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்தார். தேய்க்காமல், காயத்தை ஒற்றுவது மாதிரி இடுக்கின் மேல் ஒற்றி எடுத்தார். நீலமும் செம்மண்ணும் துணியோடு வந்தன. புகைக் கோட்டின் இரண்டு ஓரமும் கரைந்து, இடுக்கு முழுவதும் வெள்ளைப் பனியாகிவிட்டது.

அப்போது பூட்ஸ் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து அதிகாரி வந்தான். பின்னால் தோட்டத்துக் கணக்கர் டொனால்ட் கிராணி, மொழிபெயர்க்க வந்திருந்தார்.

அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தான். அவன் விரல் மலைமேல் ஊர்ந்து வந்து, சரியாக அந்த வெள்ளையில் நின்றது. ஏதோ கேட்டான்.

"இங்க ஏன் ஒண்ணுமே வரையலன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

பிலோமி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க பனிதாங்க. நீங்களே பாருங்க. இருக்கிறதத்தான் வரைஞ்சிருக்கேன்" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அதிகாரி மலையைப் பார்த்தான். வெறும் பனி. பிறகு திரும்பிப் பிலோமியைப் பார்த்தான். அவள் தன் கால் விரல்களைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, தூரத்தில், நாய் குரைப்பது மாதிரி ஏதோ கேட்டது.

அதிகாரி கிராணியிடம் ஏதோ சொன்னான்.

"காட்டு நாயான்னு கேக்குறாரு" என்றார் கிராணி. பிறகு அப்பாவின் பதிலுக்குக் காத்திராமல் தானே ஆமென்று தலையை ஆட்டிவிட்டார். அவருக்கும் அந்த இருமல் தெரியும்.

அதிகாரி படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் புகை எழவில்லை.

"எங்க போச்சு அது?" அப்பாவுக்கு ஆச்சரியம்.

"நான் ஜெபம் பண்ணினேன், ஓடிப் போச்சு" என்றாள் அம்மா.

பிலோமி ஒரு மரவள்ளித் துண்டை மடிப்பில் செருகிக்கொண்டு குவளையை எடுத்தாள். அப்பா அவள் மடிப்பைப் பார்த்தார். தன் தட்டிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

அப்பாவுக்கு எவ்வளவு தெரியும் என்று பிலோமிக்குக் கடைசிவரை தெரியாது. ஓடையிலிருந்து வந்ததுமே அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டுமா, சொல்லாமல் விட்டதுதான் சரியா? என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பிள்ளைகளே, நீங்கள் பிலோமியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஏன் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.