ஊதாக் குடைக்காரிக்கு மட்டும் எப்படி?

மழைக்கு அஞ்சி ஓடிவந்தவன் நகல் கடையின் கதவைத் தள்ளிய வேகத்தில், அவள் அடுக்கி வைத்திருந்த வெள்ளைத் தாள்கள் அத்தனையும் தரையில் சரிந்தன.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று சீறியபடி நிமிர்ந்தாள். இமை நுனியில் துளிகளோடு இரண்டு கண்கள்... அவளுடைய கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க... எங்க ஆபீஸ் மெஷின் படுத்துடுச்சு. இதுல நூறு காப்பி வேணும்."

எதிரே இருந்த உதவித்தொகை அலுவலகத்தின் எழுத்தர் அவன். சட்டைக்குள்ளிருந்து நனையாமல் எடுத்துக் கொடுத்தது, முதுகலை மாணவர்க்கான அரசு உதவித்தொகையின் திருத்திய விதிகள்.

இயந்திரத்தின் ஒளி நகர்கையில் அவள் படித்தாள். 'பட்டம் பெற்று மூன்றாண்டுகளைக் கடந்தோர் விண்ணப்பிக்க இயலாது.' அவள் தாவரவியலில் பட்டம் பெற்று ஐந்தாண்டுகள். முதல் இரண்டு, படுக்கையில் கிடந்த அம்மாவின் அருகில் கழிந்தன; மீதி, சித்தப்பாவின் இந்த நகல் கடையில். இந்த ஆண்டு எப்படியும் விண்ணப்பிப்பது என்றிருந்தாள்... தன்னைத் தள்ளிவைத்த தாளைத் தன் கையாலேயே நூறு முறை நகலெடுத்தாள்.

அதன்பின் அவன் நாள்தோறும் வந்தான். இன்று அடையாள அட்டை, நாளை ஏதோ ரசீது... ஒரே ஒரு நகல்.

"உங்க ஆபீஸ் மெஷின் அன்னிக்கே சரியாயிடுச்சாமே சார்?"

"சரியாயிடுச்சு... ஆனா அது பேச மாட்டேங்குதுங்க."

நான்கு மணி ஆனால் அவள் பார்வை தானாக வாசலுக்குப் போயிற்று.

பிறகு ஊதாக் குடை வந்தது. மூன்று நாள், அலுவலக வாசலில், ஒரே குடைக்குள் நின்று எவளோ ஒருத்திக்கு அவன் எதையோ விளக்கினான். எவளோ அல்லள்; இவளோடு ஒரே வகுப்பில் பட்டம் பெற்றவள்! நான்காம் நாள் கடைக்கே வந்தாள்.

"என் விண்ணப்பத்தை ஏத்துக்கிட்டாங்கடி! அந்த சார் தங்கமான மனுஷன்."

நெஞ்சு பற்றி எரிந்தது. அவளுக்கும் ஐந்தாண்டுதானே? உதவித்தொகையும் அவளுக்கு... அவனும் அவளுக்கா?

அன்று நான்கு மணிக்கு அவன் வந்தபோது, "மெஷின் ரிப்பேர்" என்றாள்.

"ஓடிக்கிட்டு இருக்கே..."

"உங்களுக்கு மட்டும் ரிப்பேர்! ஊதாக் குடைன்னா விதி வளையும், மத்தவங்கன்னா இரும்பா?"

அவன் முகம் சிவந்தது. "நான் எதையும் வளைக்கலீங்க. அவங்க ரெண்டு வருஷம் அப்பாவைப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாங்க. நோயாளியைப் பாத்துக்கிட்ட வருஷத்தைக் கழிச்சுக்கலாம்னு பின்பக்கத்துல போட்டிருக்கே?"

"பின்பக்கமா?"

'ரெண்டு பக்கம்னு வாய்விட்டுக் கேட்டாத்தான் ரெண்டு பக்கம்' என்பது சித்தப்பாவின் சட்டம். அவன் கேட்கவில்லை, அவள் புரட்டவில்லை, நூறையும் எண்ணி வாங்கியவன், ஒன்றையாவது திருப்பிப் பார்த்தானில்லை. போகட்டும்... ஒருவருடைய படிப்பையே தீர்மானிக்கும் விலக்கைத் தாளின் முதுகில் அச்சிட்ட அறிவாளியை என்னவென்பது!

"நானும்... அம்மாவை ரெண்டு வருஷம்..." என்றாள்.

"ஆஸ்பத்திரி சீட்டு இருக்கா? நாளன்னிக்குக் கடைசி நாள்."

"இருக்கு. ஆனா என்னை மாதிரி ஏமாந்து போனவங்க?"

"தாள் வாங்கினவங்க நம்பரெல்லாம் ஆபீஸ்ல இருக்கு. நான் ஒவ்வொருத்தரா கூப்பிடறேன். நீங்க பின்பக்கத்தைப் போடுங்க."

அவன் அலுவலகத்திலிருந்து மூலத் தாளை எடுத்து வந்ததும் இயந்திரம் ஓடியது. வெதுவெதுப்பான தாள்களை இருவரும் அடுக்கினர். இம்முறை அவன் ஒவ்வொன்றையும் பார்த்தான்.

"அவங்களுக்குக் கிடைச்சதுல அவ்வளவு கோபமா?"

"பாதிக் கோபம் அதுக்கு."

"மீதி?"

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவ குடைக்குள்ள நீங்க நின்னதுக்கு..."

அவன் கையிலிருந்த தாள்கட்டை மெல்லக் கீழே வைத்தான்.

"அங்க விதியைச் சொல்ல நின்னேன். இங்க... எப்படிச் சொல்றதுன்னு தெரியாமயே தினம் வந்து நின்னேன்."

"இப்பத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."