வெந்நீரில் குளிக்கப் போன பூதம்

பத்து வயதுப் பெண் ஒருத்திக்குத் தெருவே சேர்ந்து 'குப்பி' என்று பட்டப்பெயர் வைத்தால், அதற்கு ஒரு காரணம் இல்லாமலா இருக்கும்? இருந்தது. அவள் அறையில், ஜன்னலோரப் பலகையில், அது வரிசையாக நின்றது.

அத்தனையும் பழைய பாட்டில்கள். குப்பியின் அப்பா தெருவைத் தோண்டித் தண்ணீர்க் குழாய் பதிக்கிறவர். எந்தக் காலத்திலோ யாரோ வீசியெறிந்த பாட்டில் உடையாமல் மண்ணுக்குள் அகப்பட்டால், துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவருவார். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் பையில் தின்பண்டம் தேடுவார்கள். குப்பி மண் தேடுவாள். பையின் அடியில் மண் உதிர்ந்திருந்தால் அன்றைக்கு அவளுக்குக் கொண்டாட்டம்தான்.

தோள் சரிந்த மைப் புட்டி ஒன்று இருந்தது. எவ்வளவு மருந்து குடிக்க வேண்டும் என்று பக்கத்தில் கோடு போட்ட மருந்து பாட்டில் ஒன்று. கண்ணாடிக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொண்ட பச்சை பாட்டில் ஒன்று. எல்லாவற்றையும் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து அடுக்குவாள்.

"வீட்டுல கால் வைக்க இடமில்ல. இதுல ஒண்ணுலயாவது எண்ணெய் ஊத்தி வைக்க விடுறாளா பாரு!" என்பார் அம்மா. அவர் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவர். கூடத்தில் பாதியைத் தையல் இயந்திரமும் வெட்டுத் துணிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் இடத்தைப் பற்றி அவர் பேசும்போது யாரும் பதில் சொல்வதில்லை.

எல்லா பாட்டிலிலும் குப்பிக்கு உயிர் நீலக் குப்பிதான். உள்ளங்கை அளவுதான் இருக்கும். கண்ணாடியிலேயே செய்த மூடி. அந்த மூடி கழுத்தில் இறுகிப்போய், யார் திருகினாலும் அசையவில்லை. அப்பாவே தோற்றுப்போனார்.

குப்பிக்கு அதில்தான் பெருமை. "பழைய பாட்டில் யார் வேணும்னாலும் சேர்க்கலாம். இதுக்குள்ள இருக்கிறது பழைய காத்து! இதை மூடின அன்னைக்கு உள்ள போன காத்து!" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

இப்போது அவள் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐந்து. பெயர் உருண்டை. பெயருக்கு ஏற்ற உடம்பு. ஆனால் எந்த மூலைக்கும் உருண்டு போய்விடுவான். பாட்டில்களைப் படுக்கப் போட்டு ரயில் விடுவான். பிஸ்கட் தின்ற கையால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பான். அம்மாவின் சட்டைப் பொத்தான்களை மைப் புட்டிக்குள் போட்டு, வெளியே எடுக்கத் தெரியாமல் விழிப்பான்.

ஒருநாள் அவன் நீலக் குப்பியைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்தான். குப்பிக்குக் கோபம் தலைக்கேறியது.

"டேய்! கீழே வை! அதுக்குள்ள பூதம் இருக்கு, தெரியுமா? மூடி திறந்துச்சுன்னா வெளியே வந்துடும்!"

உருண்டை பாட்டிலை அப்படியே வைத்தான். இரண்டடி பின்னால் போனான்.

"நெசமாவா?"

"பின்ன?"

அன்றோடு தொல்லை விட்டது. அதற்குப் பிறகு உருண்டை அந்தப் பலகையைக் கடக்கும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு போனான். குப்பிக்கு நிம்மதி. இவ்வளவு சுலபமான வழியை முன்பே யோசிக்காமல் போனோமே என்றுகூட நினைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, குப்பி பள்ளியிலிருந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. உருண்டை இருக்கும் வீட்டில் அமைதி என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் பையைக்கூட இறக்காமல் ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். நீலக் குப்பி இல்லை.

குளியலறை வாசலில் அது கிடந்தது. பக்கத்தில் மூடி தனியாகக் கிடந்தது.

உருண்டை தையல் இயந்திரத்துக்கு அடியில், துணிக் குவியலுக்குள் இருந்தான். கண் மட்டும் தெரிந்தது.

"அக்கா... அது போயிடுச்சு."

"எது?"

"பூதம்."

"யாருடா உன்னைத் திறக்கச் சொன்னது?"

"நான் திறக்கல. குளிப்பாட்டினேன்."

"எதை?"

"பூதத்தைத்தான். எவ்வளவு நாளா உள்ளேயே இருக்கு, பாவம். நாறாதா? அம்மா எனக்கு வெந்நீர் ஊத்தி வெச்சாங்க. அதுல முக்கிப் பிடிச்சேன். 'பொக்'குனு சத்தம். மூடி வந்து மூக்குல அடிச்சுது. ஏதோ வாசனை வந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"அதான் தெரியல!" என்று சொல்லும்போதே அவன் உதடு பிதுங்கியது.

குப்பி பாட்டிலை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். மருந்து போல ஏதோ லேசாக மணத்தது. அடுத்த மூச்சில் அதுவும் இல்லை. அத்தனை நாள் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய காற்று ஒரு வாளி வெந்நீரில் பறந்துபோயிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அவன் முதுகில் ரெண்டு வைக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். நடுங்குகிற பிள்ளையை எப்படி அடிப்பது?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். இங்கே கிணறு வெட்டும் செலவுகூட இல்லாமல் கிளம்பிவிட்டது.

அன்று மாலை முழுவதும் உருண்டை அக்காவின் பாவாடை நுனியை விடவில்லை. அவள் போகிற இடமெல்லாம் வந்தான். குளியலறைப் பக்கம் மட்டும் வரமாட்டேன் என்றான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். பிடித்த பிஸ்கட்டையும் வேண்டாம் என்றுவிட்டான்.

"என்னடா, தச்சு விட்ட மாதிரி அவ பின்னாடியே சுத்துற?" என்றார் அம்மா.

உருண்டை குப்பியின் காதில் கிசுகிசுத்தான். "அம்மாகிட்ட சொல்லாதக்கா. அம்மா பயந்துடுவாங்க."

குப்பிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவனை அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"டேய், பூதமே இல்லடா. நான் சும்மா சொன்னேன்."

"இருக்குன்னு நீதானே சொன்ன?"

"அது பொய்."

உருண்டை அவளை உற்றுப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "நீ பொய் சொல்ல மாட்ட. நான் பயப்படறேன்னு இப்படிச் சொல்ற."

'நீ பொய்க்காரி' என்று அவன் திட்டியிருந்தால்கூடக் குப்பி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று தலையணை உறையைக் கையில் எடுத்தாள். அறையெல்லாம் ஓடினாள். மூலையில் 'லபக்' என்று எதையோ பிடித்தாள். உறையின் வாயை நீலக் குப்பியின் வாயில் வைத்து உதறி, மூடியைப் போட்டாள்.

"பிடிச்சாச்சு!"

உருண்டை எட்ட நின்றே கேட்டான். "கோவமா இருக்கா?"

"இல்ல, தூங்குது."

"குறட்டை விடுமா?"

"ம்... மெதுவா விடும்."

"அதுக்குப் பேரு என்ன?"

குப்பி பெயர் யோசிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது எவ்வளவு சரி! இப்போது பெயர் வைத்தால், நாளைக்கு அதற்குச் சாப்பாடு கேட்பான். அப்புறம் அதற்குச் சட்டை தைக்க வேண்டியிருக்கும்.

"அக்கா, நாளைக்கும் மூடி வந்துட்டா?" என்றான் உருண்டை.

அவள் தலையணை உறையைக் கீழே போட்டாள். "பிடிக்கலடா. சும்மாதான் ஓடினேன். மன்னிச்சுக்கோ."

"அப்போ இன்னும் வெளியேதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் ஓவென்று அழுதான்.

அப்பா வேலை முடிந்து வந்ததும், குப்பி வெந்நீர் விஷயத்தைச் சொல்ல, அவர் நீலக் குப்பியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெந்நீர்ல போட்டும் தப்பிச்சிருக்கே, நல்லவேளை. பழைய கண்ணாடிம்மா. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டா விரிசல் விட்டுடும். இனிமே இதைத் தண்ணி பக்கமே கொண்டு போகாதே."

குப்பி தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை. காலையில் அம்மா குளிக்க வெந்நீர் போட்டிருந்தார். பாத்திரத்தின் மூடி 'டக டக' என்று குதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கப் போன குப்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சூடானதும் உள்ளே இருக்கும் ஆவி இடம் போதாமல் மூடியைத் தள்ளுகிறது. நீலக் குப்பிக்குள் இருந்த காற்றும் அதைத்தானே செய்திருக்கும்?

சொன்னால் அவன் நம்பமாட்டான். காட்டினால் நம்புவான்.

முதலில் மருந்து பாட்டிலை எடுத்து, அதன் வாயில் ஒரு மூடியை வைத்துக்கொண்டு போனாள். உருண்டை பார்த்ததுமே சொல்லிவிட்டான். "இது வேற பாட்டில். இதுல பூதமே கிடையாது."

அவன் சொன்னதும் நியாயம்தான். குப்பி ஜன்னலோரம் போய் நின்றாள். நீலக் குப்பி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் கை நீண்டது, திரும்பியது. கூடத்தில் உருண்டை கட்டிலுக்கு அடியில் மறுபடியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

குப்பி நீலக் குப்பியை எடுத்துக்கொண்டாள்.

குளியலறைக்குள் வரமாட்டேன் என்ற உருண்டையை வாசலில் நிற்கவைத்தாள். வாளியில் வெந்நீரும் குவளையில் பச்சைத் தண்ணீரும் எடுத்துவைத்தாள். மூடியை ஈரமாக்கி, பாட்டிலின் வாயில் மெல்லப் பொருத்தினாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றான் உருண்டை, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"காத்து இருக்கு. இப்பப் பாரு."

பாட்டிலை வெந்நீரில் கழுத்துவரை இறக்கினாள். இருவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

'பொக்!'

உருண்டை கூடத்துக்கு ஓடிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"ஏதாவது வெளியே வந்துச்சா?" என்று கேட்டாள் குப்பி.

"தெரியல. நான் பார்க்கல. மறுபடி செய்."

மறுபடி செய்ய வேண்டுமென்றால் பாட்டில் ஆற வேண்டும். ஆறும்வரை அவன் நிற்கமாட்டான். குப்பி பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். பிறகு மூடி, பிறகு வெந்நீர்.

'பொக்!'

இந்த முறை அவன் வாசலிலேயே நின்றான். அடுத்த முறை உள்ளே வந்துவிட்டான். அதற்கடுத்த முறை, "நான் பிடிக்கிறேன்" என்று பாட்டிலை வாங்கி, அவனே வெந்நீரில் இறக்கினான். மூடி குதித்தபோது அவனும் கூடவே குதித்தான். கலகலவென்று சிரிப்பு. சத்தம் கேட்டு அம்மா, "குளிக்கிறீங்களா, கூத்தடிக்கிறீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

திடீரென்று உருண்டை சிரிப்பை நிறுத்தி யோசித்தான்.

"அக்கா, பூதம்னா ஒரு தடவைதானே வெளியே வர முடியும்? போனது போனதுதானே? இது மறுபடி மறுபடி வருதே!"

"ஆமா."

"அப்போ இது காத்துதான்!"

"காத்துதான்டா."

"அப்போ நீ சொன்னது பொய்யா?"

"பொய்தான். நீ தொடக் கூடாதுன்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரி. இனிமே சொல்லாத," என்றான் உருண்டை, பெரிய மனுஷன் போல. "இன்னும் ஒரே ஒரு தடவை செய்யலாமா?"

குப்பி பாட்டிலைப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

உருண்டை பாட்டிலைக் கையில் வாங்கி, வாயருகே கழுத்தை விரலால் தேய்த்தான். "அக்கா, இங்க ஒரு முடி ஒட்டிக்கிட்டிருக்கு. போகவே மாட்டேங்குது."

ஆமாம், ஒட்டியிருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். குப்பி அப்படிச் சொல்லவில்லை.

"முடி இல்லடா. விரிசல்."

"எப்படி வந்துச்சு?"

"சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டதால. பட்டா விரிசல் விடும்னு அப்பா சொன்னார். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்ச?"

"நீ அழுதியே. நீ அழறதைவிட பாட்டில் விரிசல் விடறது எவ்வளவோ தேவலாம்."

அவன் விரிசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "பாட்டிலுக்கு வலிக்குமா?"

"வலிக்காது."

"உனக்கு?"

"எனக்குக் கொஞ்சம் வலிக்குது," என்றாள் குப்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் அம்மா என்ன செய்வார் என்று உருண்டைக்குத் தெரியும். பாட்டிலை மோவாய்க்கு நேரே பிடித்தான். கன்னம் இரண்டையும் உப்பவைத்து, பாட்டில் வாயோரத்து விரிசல்மேல் நன்றாக ஊதினான்.

'பூ...ம்...ம்...ம்!'

பாட்டிலுக்குள்ளிருந்து கனத்த குரல் ஒன்று எழ, குளியலறையெல்லாம் அதிர்ந்தது. குப்பி திடுக்கிட்டு, குவளையைத் தட்டிவிட்டு, சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

உருண்டை அசையவில்லை. ஈரக் கையால் அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"பயப்படாதக்கா. பூதமெல்லாம் கிடையாது. வெறும் காத்துதான்."